இட்டேரி ஆவாரையை வேரோடு எடுக்காதீர்கள்

எங்கள் ஊராட்சியை நிர்வகிக்கிறவர்களுக்கும், இட்டேரியின் இருபுறமும் காடு வைத்திருக்கிற என் ஊர்க்காரர்களுக்கும் வணக்கமுங்க.

கோயிலுக்கு வடக்கே ஓடை வரைக்கும் மிச்சம் இருக்கிற இட்டேரியையும் பொக்லைன் வைத்துச் சுத்தம் செய்யப் போவதாகக் கேள்விப்பட்டேன். தை நோம்பிக்கு, அதாவது பொங்கலுக்கு, முன்னால் முடித்துவிட வேண்டும் என்று பேச்சு. போன வருஷம் கோயிலுக்குத் தெற்கே இதே வேலை நடந்தபோது நானும் வாயைத் திறக்கவில்லை. தடம் அகலமாகிறது, நல்லதுதானே என்று இருந்துவிட்டேன். ஆகவே இந்த மடலில் எங்காவது குறை சொல்கிற தொனி வந்தால், அதில் பாதி எனக்கும் சேர்த்துத்தான்.

வெளியூர்க்காரர்கள் யாராவது படித்தால் அவர்களுக்காக ஒரு வார்த்தை. கொங்கு நாட்டில் மானாவாரி நிலத்தைக் காடு என்போம். இரண்டு காட்டு வேலிகளுக்கு நடுவே போகிற வண்டித்தடம்தான் இட்டேரி. வேலி என்றால் கல்லுக்கால் நட்ட கம்பி வேலி இல்லை, உயிர்வேலி. கிளுவைக் கொம்பை வெட்டி ஊன்றி வைத்தால் மழைக்குத் துளிர்த்துக்கொள்ளும். அதன் இடுக்கில் சங்கஞ்செடி, சூரைமுள், பிரண்டை, கோவைக்கொடி, வேலிப்பருத்தி எல்லாம் தானாக வந்து சேரும். முன்வரிசையில், தடத்தைப் பார்த்தபடி, யாரும் நடாமல் யாரும் தண்ணீர் விடாமல் நிற்பது ஆவாரை. முள் கிடையாது. ஆடுமாடு அதை விரும்பிக் கடிப்பதும் இல்லை. அதனால்தான் மேய்ச்சல் ஓயாத இந்த ஊரில் அது இத்தனை காலம் நின்றிருக்கிறது.

வேலைக்கான காகிதத்தில் 'புதர் அகற்றுதல்' என்று எழுதியிருந்ததைப் பார்த்தேன். அந்த ஒரு சொல்தான் என்னை எழுத வைத்தது. காகிதத்தில் அது புதர். நம் வாயில் அது வேலி. புதர் என்று எழுதிவிட்டால் அதில் சீமைக்கருவேலம் எது, உண்ணிமுள் எது, ஆவாரை எது என்று பொக்லைன் ஓட்டுகிற தம்பி பார்க்க வேண்டியதே இல்லை. மணிக்கணக்குக்குக் கூலி. வாளி இறங்கும், எல்லாம் ஒன்றாகக் குவியும். அவரைக் குறை சொல்லி என்ன செய்ய?

நான் சில வருஷம் பிள்ளைகளுக்கு உயிரியல் சொல்லிக் கொடுத்தவள். இப்போது ஓடைப் பக்கம் முருங்கை வைத்திருக்கிறேன். தினமும் காலையில் இட்டேரி வழியாகத்தான் காட்டுக்குப் போகிறேன். அங்கே பார்த்ததைத்தான் இங்கே சொல்கிறேன்.

ஐப்பசி மழை விட்ட பிறகு ஒரு நாள் காலை எட்டு மணி வாக்கில் ஓர் ஆவாரைக்குப் பக்கத்தில் பேசாமல் நின்று பாருங்கள். கருவண்டு வரும். மரக்கட்டையைத் துளைத்துக் குடியிருக்குமே, அந்தப் பெரிய கறுப்பு வண்டு. பெயர்தான் வண்டு, உண்மையில் அது தேனீ இனம். பறக்கும்போது அது கனமாக 'ம்ம்ம்' என்று முனகும். பூவைப் பிடித்து உட்கார்ந்ததும் சிறகடிப்பு நிற்கும், ஆனால் சத்தம் நிற்காது. மாறாக 'ஞீங்' என்று சுருதி ஏறும். சிறகை மடக்கிக்கொண்டு, சிறகை ஆட்டுகிற தசையை மட்டும் அதிர வைக்கிறது. எதற்கு?

ஆவாரம்பூவில் தேன் இல்லை. அத்தனை மஞ்சளாகப் பூத்துக் கிடந்தும் ஒரு சொட்டு இல்லை. கொடுப்பது மகரந்தம் மட்டும். அதையும் மற்ற பூக்கள் மாதிரி வெளியே தூவி வைக்காது. மகரந்தப்பை முனையில் மிளகாய்ப்பொடி டப்பா மூடி மாதிரி சின்ன ஓட்டை. உலுக்கினால்தான் பொடி விழும். கருவண்டு பிடித்து அதிர வைத்ததும் உள்ளே இருப்பது பீய்ச்சி வரும். நம்ம தேன்கூட்டுத் தேனீக்கு இந்த வித்தை தெரியாது. அது வந்தால் சிந்தினதைப் பொறுக்கிக்கொண்டு போகும், அவ்வளவுதான்.

இன்னும் நெருங்கிப் பார்த்தால், ஒரே பூவில் மகரந்தப்பைகள் ஒரே அளவில் இருக்காது. நடுவில் குட்டையானவை, கீழே நீண்டு வளைந்தவை. குட்டைப் பைகளில் இருந்து எடுப்பது வண்டு தன் பிள்ளைகளுக்குக் கொண்டுபோகிற சோறு. நீண்ட பைகளின் பொடி வண்டுக்குத் தெரியாமல் அதன் உடம்பின் ஓரத்தில் ஒட்டிக்கொள்கிறது, அடுத்த பூவின் சூல்முடி வந்து தொடுகிற அதே இடத்தில். சூல்தண்டு சில பூவில் வலப்பக்கம் வளைந்திருக்கும், சில பூவில் இடப்பக்கம். கூலியும் கொடுத்து, தன் சரக்கையும் ஏற்றி அனுப்புகிற கெட்டிக்காரத்தனம். வகுப்பில் இதைப் படம் போட்டுக் காட்டியபோது ஒரு பிள்ளை, "டீச்சர், இது எங்க ஊட்டு வேலியில இருக்கற பூவா?" என்று நம்பாமல் கேட்டாள்.

இந்தக் கருவண்டுக் கதையை இவ்வளவு நீட்டுவதற்குக் காரணம், நம் ஊர்ப் பிழைப்பு முருங்கை. மூலனூர், அரவக்குறிச்சிப் பக்கம் முருங்கையை நம்பி எத்தனை வீட்டில் அடுப்பெரிகிறது என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. முருங்கைப் பூவைக் காயாக்குகிற பூச்சிகளில் இந்தக் கருவண்டுதான் பெரிய உழைப்பாளி. அதன் கனமான உடம்புதான் பூவுக்குத் தோதாக அமைகிறது. ஆனால் முருங்கை வருஷம் பூராவும் பூத்திருக்காது. பூக்காத மாதங்களில் வண்டு எங்கே போகும்? அது தேனீ மாதிரி அடை கட்டித் தேன் சேமிப்பதில்லை. கட்டையில் குடைந்த துளைக்குள் மகரந்தத்தையும் பூந்தேனையும் பிசைந்து உருண்டை பிடித்து, அதன் மேல் ஒரு முட்டை வைத்து, மரத்தூளால் தடுப்புக் கட்டும். ஒவ்வொரு அறைக்கும் ஒரு பிள்ளை. ஒவ்வொரு உருண்டைக்கும் அன்றன்று பூ வேண்டும். மகரந்தத்துக்கு ஆவாரை, தேனுக்கு அதே வேலியில் நிற்கிற எருக்கு, வீட்டுக்குக் காய்ந்த வேலிக்கட்டை. இட்டேரி அதற்குச் சோறு, தண்ணி, வீடு மூன்றும். மூன்றையும் ஒரே நாளில் எடுத்துவிட்டு, அப்புறம் 'ஏன் இந்த வருஷம் காய் பிடிக்கவில்லை' என்று மருந்துக் கடைக்குப் போய் நிற்கப் போகிறோம்.

காற்றையும் மறந்துவிடாதீர்கள். ஆனி ஆடியில் பாலக்காட்டுக் கணவாய் வழியாக அடிக்கிற காற்றுக்குத்தான் இந்தப் பக்கம் இத்தனை காற்றாலை நிற்கிறது. அந்தக் காற்றில் முருங்கைப் பூ உதிராமல் நிற்பதற்கு ஆளுயர வேலி செய்கிற உதவியைக் கம்பி வேலி செய்யாது. கம்பிக்குள் காற்று நுழைந்து போய்விடும்.

சரி, மற்ற ஜீவன்கள். மழைக்காலத்தில் வெளிர்பச்சை பூசின மாதிரி வெள்ளை வண்ணத்துப்பூச்சிகள் கூட்டமாகப் பறந்து போவதைப் பார்த்திருப்பீர்கள். கொன்றை வகைச் செடிகளில்தான் அவை முட்டையிடும். ஆவாரையும் கொன்றைக்குச் சொந்தம் என்பதால் அதன் தளிரில் ஒற்றை ஒற்றையாக வைத்துவிட்டுப் போகும். புழு இலை நிறத்திலேயே இருக்கும், கண்ணுக்கு ஆப்படாது. சின்ன மஞ்சள் பூச்சிகளும் அப்படித்தான். இலையைக் கொஞ்சம் தின்பதுதான் அவை செய்கிற தப்பு. ஆவாரை அதற்கும் ஒரு ஏற்பாடு வைத்திருக்கிறது. ஒவ்வொரு ஜோடி இலைக்கும் நடுவே கடுகு நுனி மாதிரி ஒரு சுரப்பி. பூவில் கொடுக்காத இனிப்பை அங்கே கொடுக்கிறது. அதை நக்க வருகிற எறும்புகள் செடி முழுக்கக் காவல் சுற்றும், புழுவைக் கண்டால் விடாது. அதையும் மீறித் தப்பிக்கிற புழுவைத் தையல்சிட்டு வந்து கொத்தும்.

தவிட்டுக்குருவிக் கூட்டம் ஏழெட்டாக வேலியடியில் சருகைப் புரட்டுவது, கவுதாரி விடிகாலையில் கத்திவிட்டுக் குஞ்சுகளோடு தடத்தைக் கடப்பது, செம்பூத்து கனமாக எழும்பி நாலடி தள்ளி மறுபடி வேலிக்குள் விழுவது, கீச்சான் பிடித்த வெட்டுக்கிளியை முள்ளில் குத்தி வைப்பது. பட்டியல் போட்டால் நீளும், நீங்களும் பார்த்தவர்கள்தான். உடும்பைப் பிடித்தால் ஜெயில் என்று நம் எல்லோருக்கும் தெரியும். 1972 வனவிலங்குச் சட்டத்தில் அதற்குப் புலிக்குக் கொடுத்த அதே முதல் பட்டியலில் இடம் உண்டு. உடும்பைத் தொட்டால் குற்றம், உடும்பு குடியிருக்கிற வேலியை வழித்தெடுத்தால் வளர்ச்சிப் பணி.

மயில் வேலியில்தானே முட்டை வைக்கிறது என்று கேட்பீர்கள். ஆமாம், வைக்கிறது. மயில் தொல்லைக்கு என்னிடம் முழுப் பதில் இல்லை. என் அப்பிச்சி, அம்மாவைப் பெற்றவர், இருந்தபோது நரி இருந்தது, நரி மயில் முட்டையை விட்டு வைக்காது என்பார். அந்த நரி வளை தோண்டி இருந்ததும் இதே மாதிரி ஒரு வேலியடியில்தான். எதை எடுத்ததால் எது பெருகியது என்று நீங்களே யோசியுங்கள்.

இப்போது பாம்பு. சுத்தம் செய்யச் சொல்கிறவர்களின் முதல் காரணம் இதுதான், அதை நான் லேசாக எடுத்துக்கொள்ளவில்லை. இட்டேரியில் பாம்பு இருக்கிறது. சாரையும் பச்சைப்பாம்பும் கொம்பேறிமூக்கனும் மட்டுமல்ல, கண்ணாடி விரியனும் இருக்கிறது. 2000 முதல் 2019 வரையிலான இருபது ஆண்டுகளில் இந்தியாவில் ஆண்டுக்குச் சராசரியாக 58,000 பேர் பாம்புக்கடியில் இறந்ததாக ஆய்வாளர்கள் கணக்கிட்டிருக்கிறார்கள். பெரும்பாலும் நம்மைப் போலக் காட்டில் வேலை செய்கிறவர்கள்தான். பிள்ளைகள் அந்தத் தடத்தில் பள்ளிக்கூடத்துக்குப் போகிறார்கள் என்று ஒரு தாய் பயந்தால் அந்தப் பயம் நியாயமானது.

ஆனால் பயத்துக்கு மருந்து பொக்லைன் இல்லை. பாம்பு வருவது எலிக்கும் தவளைக்கும். எலி இருப்பது நம் தானியத்தடியில், மாட்டுத்தீவனப் போரில், வீட்டுக்குப் பின்னால் கொட்டின கல் குவியலில். கட்டுவிரியன் பெரும்பாலும் கடிப்பது ராத்திரியில் தரையில் பாய் போட்டுப் படுத்திருக்கிறவர்களை. வேலியை வழித்தால் அதில் இருந்த பாம்பு காணாமல் போகாது, அடுத்த மறைவுக்குப் போகும். போன வருஷம் தெற்கே வழித்தபோது வேரும் மண்ணும் கல்லுமாகத் தடத்தோரத்தில் குவித்து வைத்துவிட்டுப் போனார்கள். இன்னமும் அப்படியே கிடக்கிறது. பாம்புக்கு இதைவிட நல்ல வீடு நாம் கட்டிக் கொடுக்க முடியாது. அந்தக் குவியலுக்கு எதிரில்தான் இரண்டு வீடு இருக்கிறது.

பிள்ளைகளுக்கு வேண்டியது தடத்தின் இரண்டு ஓரமும் மூன்றடிக்குப் புல் செதுக்கி, கால் வைக்கிற இடம் கண்ணுக்குத் தெரிவது. முக்கில் இரண்டு விளக்கு. ராத்திரி போகிறவர் கையில் பேட்டரி லைட், காலில் செருப்புக்குப் பதில் பூட்ஸ். இதற்கு ஆகிற செலவு பொக்லைன் வாடகையைவிடக் குறைவாகத்தான் இருக்கும். வேண்டுமானால் கணக்குப் போட்டுப் பார்ப்போம், நானும் வருகிறேன்.

தெற்குப் பக்கம் இப்போது என்ன வளர்ந்திருக்கிறது என்று யாராவது போய்ப் பார்த்தீர்களா? முழுக்கச் சீமைக்கருவேலம். கிளறிப்போட்ட மண், மேலே நிழல் இல்லை, ஆட்டுப் புழுக்கையில் விதை. வேறு என்ன வேண்டும் அதற்கு? இடுப்புயரம் வந்துவிட்டது. எதை ஒழிக்கிறோம் என்று சொன்னோமோ அதற்கே இடத்தைக் காலி செய்து கொடுத்திருக்கிறோம்.

போன தை நோம்பிக்கு எங்கள் பக்கத்து வீட்டு அக்கா தாராபுரம் போய்க் காப்புக்கட்டுக் கொத்து வாங்கி வந்தார். வேப்பிலை, பூளைப்பூ, ஆவாரம்பூ. காசு கொடுத்து! இட்டேரிக்கு ஒரு நடை நடந்தால் மடி நிறையப் பறித்து வருகிற பூவுக்கு. மாட்டுப்பொங்கலன்று பட்டியில் சாணியால் கரை வைத்துச் சின்னக் குளம் மாதிரித் தெப்பம் கட்டும்போது அந்தக் கரையில் செருகுவதற்கு ஆவாரம்பூ பற்றாமல் சாமந்தியைச் செருகினோம். பூப்பறிக்கிற நோம்பிக்குப் பிள்ளைகள் கும்மியடித்துக்கொண்டு எங்கே போவது என்று தெரியாமல் கோயிலைச் சுற்றிவிட்டு வந்தார்கள். ஐம்பது வயசுக்காரர்களுக்கு இது மனக்குறை. பத்து வயசுப் பிள்ளைக்கு அதுகூட இல்லை. சாமந்தியும் மஞ்சளாகத்தானே இருக்கிறது!

பழைய காலத்தில் மடலேறுதல் என்று ஒரு வழக்கம் பாட்டுகளில் வரும். காதலித்த பெண்ணைத் தர மறுத்தால், பனைமட்டையில் குதிரை செய்து, எருக்கும் ஆவிரையும் பூளையும் சூடிக்கொண்டு ஒருத்தன் ஊர்த்தெருவில் வந்து நிற்பான். மானத்தை விட்டுவிட்டேன், இனி ஊரே நியாயம் சொல்லட்டும் என்று அர்த்தம். அவன் சூடின ஆவிரையும் பூளையும்தான் நாம் இன்றைக்கும் வாசலில் செருகுகிற காப்பு. நான் எழுதுவதும் மடல்தான் என்று நினைத்தபோது கொஞ்சம் சிரிப்பு வந்தது. எனக்குப் பனங்குதிரை வேண்டாம், கூட்டத்தில் ஐந்து நிமிஷம் பேசவிட்டால் போதும்.

தெலங்கானா தனி மாநிலமான 2014ஆம் ஆண்டிலேயே ஆவாரையைத் தன் மாநில மலராக அறிவித்துக்கொண்டது. அவர்களுக்குப் பதுகம்மா பண்டிகைக்கு அது இல்லாமல் முடியாது. நம் மாநில மலர் செங்காந்தள். அதுவும் வேலிப் பூதான். நாம் கண்வலிக்கிழங்கு என்று விதைக்காகப் பயிர் செய்கிறோமே, அதே கொடி. நம் மாநில மலரையும் இன்னொரு மாநிலத்தின் மலரையும் ஒரே வேலியில் வைத்திருக்கிற ஊர் நம் ஊர். நாம் அதைப் புதர் என்று எழுதுகிறோம்.

அப்போ வெட்டவே கூடாதா? வெட்டலாமுங்க. ஆவாரை வெட்டுக்கு அஞ்சாத செடி. என் சின்ன வயதில் வாய்க்கால் பக்கத்து வயல்காரர்கள் நெல் நடவுக்குத் தழையுரமாக வண்டி வண்டியாக வெட்டிப் போவார்கள். அதற்கும் முன்னால் தோல் பதனிட ஆவாரம்பட்டைதான். பட்டை உரித்துச் சுமந்து விற்றுப் பிழைத்த குடும்பங்கள் இருந்தன, பிறகு வெளிநாட்டு வாட்டில் பட்டையும் ரசாயனமும் வந்து அந்தத் தொழில் போயிற்று. அத்தனை வெட்டிலும் ஆவாரை குறையவில்லை, ஏனென்றால் யாரும் வேரைத் தொடவில்லை. முழங்கால் உயரத்துக்கு வெட்டினால் கோடைமழைக்குத் திரும்பவும் அடர்ந்து துளிர்க்கும். வெட்டாமல் விட்டால்தான் அடி மொட்டையாகி நுனியில் மட்டும் பூக்கும். ஆகவே வெட்டுவது நல்லதுதான். கேள்வி எப்போது, எதால், எவ்வளவு என்பதுதான்.

என் வேண்டுகோள் இவ்வளவு. தைக்கு முன் வேண்டாம், அப்போதுதான் பூ. மாசி கடைசியில் காய் முற்றி விதை விழுந்த பிறகு வெட்டுங்கள். ஒரு வருஷம் கிழக்கு வேலி, மறுவருஷம் மேற்கு வேலி. இரண்டையும் ஒரே நேரத்தில் தொட்டால் அதில் இருக்கிற ஜீவன்களுக்கு ஒதுங்க இடமிருக்காது. பொக்லைன் வேண்டாம், கொடுவாள் போதும். ஊரில் அந்த வேலை தெரிந்த கைகள் இன்னும் இருக்கின்றன, கூலியும் ஊருக்குள்ளேயே நிற்கும். சீமைக்கருவேலத்தையும் உண்ணிமுள்ளையும் தயவு தாட்சண்யம் இல்லாமல் வேரோடு எடுங்கள், அதற்கு நானே முதல் ஆளாக வருகிறேன். பிடுங்கின குழியில் அன்றைக்கே ஆவாரை விதையைத் தூவிவிடலாம். விதைத்தோல் கெட்டி, வெந்நீரில் கொஞ்ச நேரம் போட்டு எடுத்தால் முளைப்பு நன்றாக இருக்கும். தெற்குப் பக்கத்துக்கும் இதேதான். அந்தக் குவியலை மட்டும் முதலில் அள்ளச் சொல்லுங்கள்.

ஜனவரி 26 கிராம சபையில் இதைத் தீர்மானமாகக் கொண்டுவரக் கேட்டுக்கொள்கிறேன். அதுவரைக்கும் வடக்குப் பக்கம் வண்டி இறங்காமல் இருக்க வேண்டும். வேலிக்குச் சொந்தக்காரர்களான மாமன் மச்சான்களுக்கும் சொல்கிறேன்: உங்கள் வேலியை உங்களைக் கேட்காமல் ஊராட்சி எடுக்க முடியுமா என்று ஒரு தடவை கேட்டுப் பாருங்கள். தடம் புறம்போக்கு, சரி. வேலி யாருடையது?

வடக்குப் பக்கம் ஆவாரை எது என்று யாருக்கும் சந்தேகம் வராமல் இருக்க, என் பழைய சேலை ஒன்றைக் கிழித்து ஒவ்வொரு தூருக்கும் ஒரு துண்டு கட்டிக்கொண்டு வருகிறேன். சிவப்புச் சேலை. இதுவரை நூற்று நாற்பது தூர் ஆகியிருக்கிறது, ஓடைப் பக்கம் இன்னும் பாக்கி. சேலை பற்றவில்லை. உங்கள் வீட்டில் கிழிக்கிற மாதிரி ஏதாவது இருந்தால் கோயில் திண்ணையில் போட்டு வையுங்கள், காலையில் போகும்போது எடுத்துக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ஓடைக்கரை முருங்கைக் காட்டுக்காரி